உயரத்தில் கலங்கும் வயிறு

அன்றைக்கு அக்சீலியாவுக்குக் கை நன்றாக ஓடியது. சில நாள் அப்படி அமையும். இடது கையில் கேபினை முன்னும் பின்னும் ஓட்டும் பிடி, வலது கையில் இரும்புக் கயிற்றை ஏற்றி இறக்கும் பிடி, இரண்டும் அவள் நினைப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே அசைந்துவிட்டதுபோல இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தின் கரையோரம் நிற்கும் அந்த ராட்சத கிரேனின் உச்சியில், கண்ணாடிப் பெட்டி மாதிரி தொங்கும் கேபினுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழும் கண்ணாடிதான். இடுப்பை மடித்து, தொடைகளின் மேல் கவிழ்ந்து, முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் தீப்பெட்டிகள், அவற்றின் ஓரத்தில் மஞ்சள் தொப்பி போட்டு நிற்கிற ஆட்கள் தீக்குச்சிகள். ஸ்ப்ரெடர் என்கிற இரும்புச் சட்டத்தை அவள் இறக்க, அதன் நான்கு மூலையும் பெட்டியின் நான்கு துளைக்குள் போய் உட்கார, முன்னால் பச்சை விளக்கு எரிய, அவள் தூக்குவாள். ஆடாமல் தூக்குவாள். மற்றவர்கள் பெட்டியைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு ஊசல் நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள். அக்சீலியா வருகிற வழியிலேயே அந்த ஆட்டத்தைத் துரத்திப் பிடித்துவிடுவாள். பெட்டி லாரிக்கு மேலே வந்து நிற்கும்போது அதற்கு ஆடவே தெரியாது என்பதுபோல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதிய ஷிப்ட். கச்சான் காற்று மேற்கிலிருந்து லேசாக எழுந்திருந்தது. அது வலுக்கும், ஆனால் இப்போது இல்லை, சாயங்காலம்தான் என்று மீன்காரி மகளான அவளுக்குத் தெரியும். "அக்கா, அடுத்தது ரெண்டாவது வரிச. செவப்புப் பெட்டி," என்று வாக்கி டாக்கியில் இசக்கிமுத்து சொன்னான். கப்பல் தளத்தில் நின்று அவளுக்கு வழி சொல்கிறவன் அவன். செவப்புப் பெட்டி, சரி, என்று அவள் ஸ்ப்ரெடரை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றுக்குள் அந்தச் சத்தம் கேட்டது.

வலி இல்லை, சத்தம் மட்டும்தான். தொப்புளுக்குக் கீழே யாரோ குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. அவளைத் தவிர அந்த உயரத்தில் அதைக் கேட்க ஆளில்லை, இருந்தும் அவள் சட்டென்று நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள், யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல. இல்லை, இது அது இல்லை, பசியாக இருக்கும். மதியம் அவ்வளவு சாப்பிட்டுவிட்டுப் பசியா? அப்படியானால் சாப்பாடு செரிக்கிற சத்தம். எல்லார் வயிறும் சத்தம் போடும். மிக்கேல் வயிறு ராத்திரியெல்லாம் பேசும், பக்கத்தில் படுத்திருக்கிற அவளுக்கே கேட்கும், அந்த மனுஷனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. புருஷன் வயிறு பேசினால் வெறும் வயிறு, பெண்டாட்டி வயிறு பேசினால் மட்டும் சகுனமா? பச்சை விளக்கு எரிந்தது. தூக்கினாள். சிவப்புப் பெட்டி நேராக எழுந்து வந்தது. மறுபடி குடம் சாய்ந்தது, இந்த முறை இடப் பக்கம், கூடவே வயிறு முழுக்க ஒரு உப்பல், பெல்ட்டை உள்ளிருந்து தள்ளுகிற மாதிரி. அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்துவிட்டது. போய்விட்டது என்று நினைத்தது வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு சொட்டுப் பால் தொடவில்லையே. காலையில் பால் விடாத டீ. நேற்றும் அதுதான், போன வாரமும் அதுதான். பால் இல்லாமலே வருகிறதென்றால் டாக்டர் சொன்னது தப்பு. டாக்டர் சொன்னது தப்பென்றால் முன்னால் எல்லாரும் சொன்னது சரி. பயம். அக்சீலியாவுக்கு உயரம் பயம்.

அந்தச் சொல்லை முதலில் சொன்னது பயிற்சி கொடுத்தவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். "மேல ஏறுனா ஆரம்பத்துல எல்லாருக்கும் வயித்தக் கலக்கும்மா. பயம். போகப் போகச் சரியாயிரும்." மற்றவர்களுக்குச் சரியானது. அவளுக்கு ஆகவில்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் வாசலில் இருக்கிற கடையில் எல்லாருமாக நின்று டீ குடிப்பார்கள், கட்டிப் பாலில் போட்ட டீ, அவள் தைரியத்துக்கு என்று இரண்டாவது கிளாஸும் வாங்குவாள். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும், முறுக்கும், குனிந்து உட்கார்ந்திருக்கிற இடுப்பை யாரோ துணி பிழிகிற மாதிரி பிழியும். கீழே ஆள் நிற்பான், பெட்டி தொங்கும், அவளுக்கு நெற்றியில் வேர்க்கும், பனிமய மாதாவே இந்த ஒரு பெட்டி, இந்த ஒரு பெட்டி என்று ஓட்டுவாள். வீட்டுக்கு வந்தால் அம்மா, "வயித்துல சூடு பிடிச்சிருக்கு, ஒரு தம்ளர் பால் குடி, ஆத்திரும்," என்று நீட்டுவாள். குடிப்பாள். ஆற்றாது. "இன்னொரு தம்ளர் குடி." அம்மா ஒரு நாளும் குறை வைத்ததில்லை. கூடப் பயிற்சி எடுத்த முத்தரசி ஒருநாள் தலை சுற்றுகிறது என்று நடுவில் இறங்கினாள். ஒரே ஒரு நாள். இப்போது அவள் கேட் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் இந்தக் கிரேனைக் கடக்கும்போது மேலே பார்ப்பதில்லை. அதனால் அக்சீலியா இறங்க மாட்டாள். இந்த இரண்டு வருஷத்தில் பாதி ஷிப்டில் இறங்கியதே இல்லை. பயந்தவள் என்று ஒருத்தன் சொல்லுவதற்கு முன்னால் குடல் அறுந்து விழட்டும். நடுவில் ஒரு தவக்காலம் வந்தது, ஈஸ்டர் பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள். எல்லாரும் எதையாவது விடுவார்கள், மிக்கேல் சிகரெட்டை விட்டான், அவள் தனக்குப் பிடித்த ஒன்றை விட வேண்டும் என்று டீயை விட்டாள். சாம்பல் புதனிலிருந்து பாஸ்கா வரைக்கும் வயிறு குளம் மாதிரி கிடந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று அழுதாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள். பாஸ்கா காலையில் ஆசையாக ஒரு காபி. மதியமே முறுக்கல். அப்போது அவள் நினைத்தது, இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அடிவயிற்றில் ஒரு நோவும் வருகிறது, அவள் நினைத்தது இதுதான்: எனக்கு விசுவாசம் பத்தவில்லை.

"லீவு நாள்ல வலிக்குமா?" என்று கேட்டது போன மாசம் போய்ப் பார்த்த டாக்டரம்மாதான். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை, அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. லீவான ஞாயிற்றுக்கிழமைகளிலும் வலித்தது. பூசை முடிந்து காபி குடித்த பிறகு வலித்தது. மறுநாள் மேலே ஏற வேண்டுமே என்கிற பயம் இன்றைக்கே வந்துவிடுகிறது என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். வேளாங்கண்ணிக்குப் போனபோதும் வலித்தது, மூன்று நாள் லீவில், பஸ்ஸில். அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். மனசு எவ்வளவு சாமர்த்தியம், ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டால் ஊரில் நடக்கிற அத்தனை திருட்டையும் அவன் தலையிலேயே கட்டிவிடுகிறது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேஜையில் விரலால் கோடு போட்டுச் சொன்னார். "பால்ல ஒரு சர்க்கரை இருக்கும்மா. அத லாக்டோஸ்னு சொல்லுவோம். அத ரெண்டாப் பிரிச்சாத்தான் உடம்பு எடுத்துக்கும். பிரிக்கிறதுக்குச் சிறுகுடல்ல ஒண்ணு சுரக்கணும். சின்னப் பிள்ளைல எல்லாருக்கும் சுரக்கும், தாய்ப்பால் குடிக்கணும்ல. வளர வளர நெறையப் பேருக்கு அது குறைஞ்சு போயிரும். உங்களுக்குக் குறைஞ்சுட்டு." கோடு மேஜையின் விளிம்பு வரை போனது. "பிரியாத சர்க்கரை அப்படியே கீழ போகும். போற வழியில தண்ணிய உள்ள இழுக்கும். பெருங்குடல்ல இருக்கிற கிருமிகளுக்கு அது விருந்து, தின்னுட்டுப் புளிக்க வைக்கும், காத்து கிளம்பும். அதான் சத்தம், அதான் உப்பல், அதான் முறுக்கு, அப்புறம் தண்ணியாப் போறது. குடிச்ச அரை மணியிலயும் வரலாம், ரெண்டு மணி கழிச்சும் வரலாம்." அக்சீலியாவுக்கு அது உடனே புரிந்தது. திறக்க முடியாத பெட்டி தப்பான யார்டுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான். "அப்ப எனக்குப் பயம் இல்லியா டாக்டர்?" என்று கேட்டாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பயம் இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாதும்மா. இந்த வயித்துவலி பால்னால," என்றார். இரண்டு வாரம் பாலை நிறுத்தினாள். வயிறு அடங்கியது. பிறகு அவர் சொன்னபடியே ஒரு லீவு நாளில், வீட்டில், தரையில், நைட்டியோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒரு பெரிய தம்ளர் பால் குடித்தாள். உயரம் இல்லை, காற்று இல்லை, தொங்குகிற பெட்டி இல்லை. ஒரு மணி நேரத்தில் வயிறு முறுக்கியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிக்கேல் ஓடிவந்து, "என்னட்டி ஆச்சு, கிறுக்குப் பிடிச்சுட்டா?" என்றான். அப்படிச் சிரித்தவள்தான் இப்போது சிவப்புப் பெட்டியோடு நடுவானத்தில் நின்று, இன்றைக்குப் பாலே இல்லாமல் எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி கடலுக்கும் கரைக்கும் நடுவில் இருந்தபோது முதல் முறுக்கு வந்தது. சரியான முறுக்கு. கண் ஒரு கணம் இருட்டிக்கொண்டு தெளிந்தது. ஆனால் கை விடவில்லை. அதை அவள் கவனித்தாள், கை விடவில்லை. வேகத்தைக் குறைத்தது, பெட்டியின் ஆட்டத்தைப் பிடித்தது, லாரிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியது. பயந்தவள் கை இப்படியா இருக்கும்? ஆனாலும் வயிறு. காலையிலிருந்து வருவோம். பால் இல்லாத டீ. இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். அதில் ஒன்றுமில்லை. கோவில், லில்லி மகளுக்குப் புதுநன்மை, பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள், அவளுக்கும் அப்பம் வாயில் வைத்தார்கள், அதில் என்ன இருக்கிறது, மாவு. லில்லி மிக்கேலுடைய தங்கச்சி, வீட்டில் விருந்து. பிரியாணி. தயிர்ப் பச்சடி ஒரு கரண்டி, தயிர் கொஞ்சம் பரவாயில்லை, புளித்ததில் அந்தச் சர்க்கரை குறைந்துவிடும் என்று டாக்டரே சொன்னார், போன வாரமும் சாப்பிட்டாள், ஒன்றும் செய்யவில்லை. மக்ரூன், அது முட்டையும் முந்திரியும் சீனியும்தான். பிறகு பாயசம். பாயசம் என்றதும் அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். லில்லி கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குன்னே தேங்காப்பால்ல வச்சேன் மைனி. மாட்டுப்பால் சொட்டு விடல. நானே தேங்கா திருவிப் பிழிஞ்சேன்." தேங்காய்ப்பாலில் அது கிடையாது. லில்லி பொய் சொல்லுகிறவளும் இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தாள், அவ்வளவு ருசி. அப்படியானால் மிச்சம் எதுவும் இல்லை. மிச்சம் எதுவும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது அந்தப் பயம்தான். பெட்டியை லாரியில் இறக்கினாள். நான்கு மூலையும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஸ்ப்ரெடர் வெறுமனே மேலே வந்தது. மூன்று வாரம் நன்றாக இருந்ததும் தவக்காலம் மாதிரிதானோ, நம்பினேன், அடங்கியது, நம்பிக்கை தேய்ந்தது, திரும்ப வந்தது. அப்படியானால் சாகும் வரைக்கும் இப்படித்தான். அல்லது முத்தரசி பக்கத்தில் ஒரு நாற்காலி. பாயசம் நல்ல ருசி. ஏன் இப்போது அந்த ருசி? தேங்காய்ப்பால் பாயசம் அம்மாவும் வைப்பாள், கருப்பட்டி போட்டு, நாக்கில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஒட்டும். லில்லி பாயசம் ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது, கொழகொழவென்று, இனிப்பு பின்னாக்கில் நின்றது. சின்ன வயசில் விரலை விட்டு நக்குவார்களே, அந்த இனிப்பு. கிண்ணத்தைக் கழுவப் போட அடுப்படிக்குப் போனாள். தொட்டியில் என்ன கிடந்தது? பிரியாணிச் சட்டி. கரண்டிகள். ஒரு டின். மூடி பாதி அறுத்து மடக்கிய டின், விளிம்பில் வெள்ளையாக வழிந்து காய்ந்த ஒழுக்கு, உள்ளே ஒரு ஸ்பூன் நட்டுக்கொண்டு. அதன் பக்கத்தில்தான் அவள் கிண்ணத்தை வைத்தாள்.

டின் பால். அக்சீலியா வாய்விட்டே சொன்னாள். தேங்காய்ப்பாலில் வைத்து, இனிப்புக்கும் கெட்டிக்கும் டின் பால் ஊற்றியிருக்கிறாள். ஒரு சட்டிப் பாலைக் குறுக்கி ஒரு டின்னில் அடைத்தால் பாலில் இருந்த அந்தச் சர்க்கரை எங்கே போகும், அதற்குள்தானே இருக்கும், இன்னும் அடர்த்தியாக. இரண்டு கிண்ணம். அடப்பாவி மகளே. வலி குறையவில்லை. இரண்டாவது முறுக்கு முதலாவதைவிட மோசமாக வந்தது, இந்த முறை அடிவயிற்றில், இனி தாங்காது என்று உடம்பே சொல்லுகிற வகை. ஆனால் அதன் பக்கத்தில் வழக்கமாக வந்து உட்காரும் அந்த இன்னொன்று, நான் பயந்தவள் என்கிற நினைப்பு, வரவில்லை. இது வெறும் வயிற்றுவலி. சர்க்கரை, தண்ணீர், காற்று. பல்வலி மாதிரி, காலில் முள் தைத்த மாதிரி. வயிற்றுவலி வந்தவர்கள் என்ன செய்வார்கள்? கக்கூசுக்குப் போவார்கள். இவ்வளவுதானா? இரண்டு வருஷம் அவள் இறங்காமல் இருந்தது தைரியத்தில் இல்லை. இறங்கினால் தெரிந்துவிடும் என்பதால்தான். இப்போது தெரிவதற்கு என்ன இருக்கிறது? அவள் ஸ்ப்ரெடரை உயர நிறுத்தினாள். கப்பலுக்கு மேலே இல்லை, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில். பிடிகளை நடுவுக்குக் கொண்டுவந்தாள். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"இசக்கி, நான் நிறுத்துதேன். வில்பிரட் அண்ணன மேல வரச் சொல்லு."

"என்னக்கா, மெஷின்ல எதும் பிரச்சினையா?"

"மெஷின் நல்லாருக்கு. எனக்கு வயிறு சரியில்ல. நான் கக்கூசுக்குப் போணும்."

அந்த அலைவரிசையில் அப்போது கரையில் இருந்த எல்லாரும் கேட்டிருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை, அல்லது பொத்தானை அமுக்காமல் சிரித்தார்கள், அதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. பிறகு மாற்று ஓட்டுநர் வில்பிரட்டின் கட்டைக் குரல் வந்தது. "வாரேன் அக்சீலியா. நீ இறங்கு, நடுவுல பாத்துக்கலாம்."

நடைபாலத்தில் அவரை எதிரே பார்த்தாள். பதினைந்து வருஷமாக கிரேன் ஓட்டுகிற மனுஷன், மூச்சு வாங்கிக்கொண்டே வழி விட்டார். "ரொம்பவா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா," என்றாள். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. லிப்டில் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கிப் போய், கதவைச் சாத்தி, உட்கார்ந்து, உடம்பு தனக்கு வேண்டாததை வெளியே தள்ளிய பிறகு கிடைத்த அந்த ஓய்வில் அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, மேலே இருக்கும்போது எத்தனை தடவை இதை அடக்கியிருக்கிறோம் என்பதுதான். அந்த வயிற்றின் மேல் அவளுக்கே இரக்கம் வந்தது. அது பாவம், தன் வேலையைச் செய்தது. முகத்தைக் கழுவினாள். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் ஒரு பாட்டில் நிறையக் குடித்தாள். ஓய்வறையில் இருந்து லில்லிக்குப் போன் போட்டாள்.

"பாயசத்துல டின் பால் ஊத்துனியா?"

"கொஞ்சூண்டு மைனி, கெட்டிக்கு. ஏன்?" கேட்ட கையோடு அவளுக்கே உறைத்தது. "ஐயோ, மைனி. அது பாலா?"

"பேர்லயே பால் இருக்குல்லட்டி."

"டின்ல வாரதுதானன்னு நெனச்சேன். மாதாவே. இப்ப எப்படி இருக்கீங்க? அண்ணன வரச் சொல்லவா?"

"ஒண்ணும் வேண்டாம். நல்லாருக்கேன். மிச்சத்த உங்கண்ணனுக்குக் குடு, அவருக்கு எதுவும் செய்யாது." லில்லி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அக்சீலியா சிரித்தாள்.

மறுபடி ஏறும்போது காற்று வலுக்கத் தொடங்கியிருந்தது. லிப்ட் மேலே போய் நின்றது. அங்கிருந்து கேபினுக்குக் கம்பி வலை போட்ட நடைபாலம். வலையின் கண்களுக்குள் கடல் தெரிந்தது, பச்சையாக, வெயிலில் நெளிந்துகொண்டு. பாலத்தின் நடுவில் வரும்போது ஒரு வீச்சுக் காற்று வந்து கிரேனையே மெல்ல அசைத்தது. அப்போது அவளுக்கு முழங்காலின் பின்பக்கம் சில்லிட்டது. உள்ளங்கை ஈரமானது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றைக் கவனித்தாள். வயிறு வலித்து ஓய்ந்த அயர்ச்சியில் சும்மா கிடந்தது, இதில் அதற்குச் சம்பந்தமே இல்லாதது மாதிரி. அப்படியானால் இதுதான் பயம். இத்தனை நாளும் இது இங்கே முழங்காலுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது, வயிற்றின் கூச்சலில் இதன் குரல் அவளுக்குக் கேட்டதே இல்லை. சின்னதாகத்தான் இருந்தது. கம்பியை இறுக்கிப் பிடி, காலைப் பார்த்து வை, அவ்வளவுதான் அது சொன்னது. நியாயமாகத்தான் சொன்னது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள், காலைப் பார்த்து வைத்தாள், மீதிப் பாலத்தைக் கடந்தாள்.

வில்பிரட் எழுந்து இடம் விட்டார். "காத்து கூடுது. ஓட்டிருவியா, நான் பாக்கவா?" என்றார். கேலி இல்லை, கேள்விதான்.

"ஓட்டிருவேன் அண்ணே. தாங்காதுன்னா நானே சொல்லுதேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அக்சீலியா இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், பெல்ட்டை ஒரு துளை தளர்த்திப் போட்டாள், பிடிகளின் மேல் கையை வைத்துக் குனிந்து கீழே பார்த்தாள். தளத்தில் இசக்கி அண்ணாந்து கை காட்டினான்.

"சொல்லு இசக்கி," என்றாள். "அடுத்தது எந்த வரிச?"